தெருவிளக்கு எரிய கலெக்டரிடம் மனு எதற்கு?

திங்கட்கிழமை காலையில் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்துக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனாலும் கூட்டம் நெரியும். அன்றுதான் மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்றிதழ் என்று வந்தவர்களுக்கு நடுவே, வேறு வகை மனுக்களோடும் பலர் நிற்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டு தெருவில் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வருவதில்லை, நாய்த் தொல்லை தாங்க முடியவில்லை. இவர்களில் கணிசமானவர்கள் சின்னச் சின்னப் பேரூராட்சிகளிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவர்கள். மனு வாங்கப்படும், எண் போடப்படும். பிறகு அது பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து அந்த ஊரின் செயல் அலுவலருக்கு. அவரிடமிருந்து மேஸ்திரிக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ போகும். மனு கொடுத்தவர் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய அலுவலகத்துக்கு அந்தத் தாள் மாவட்டத் தலைநகரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது. நிதிநிலைக்கேற்ப நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஒரு பதிலும் வரும்.

மனு வாங்குவதில் நம் ஆட்சிகள் எதுவும் சளைத்ததில்லை. 2013-ல் அம்மா திட்டம் வந்தது. 2016-ல் அம்மா அழைப்பு மையம் என்ற பெயரில் 1100 என்ற எண் வந்தது. 2023 டிசம்பரில் மக்களுடன் முதல்வர், 2025 ஜூலையில் உங்களுடன் ஸ்டாலின். கட்சி மாறினாலும் முறை மாறவில்லை: மேசை போட்டு, வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்கொரு தாளை வாங்கிக்கொள்வது. ஒரு தனி மனிதருக்குச் சேர வேண்டிய உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் இந்த ஏற்பாடு நல்லதுதான்; பல பேருக்குப் பலன் கிடைத்தும் இருக்கிறது. ஆனால் சாக்கடை யாருடைய தனிச்சொத்தும் இல்லை. ஒரு தெருவின் சங்கடத்தை ஒருவருடைய குறையாக எழுதி வாங்கிக்கொண்டால் அதற்கு ஒருவருக்கான பதில்தான் கிடைக்கும். சிறு ஊர்களின் அன்றாடப் பிரச்சினைகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதற்குப் பணப் பற்றாக்குறையும் அதிகாரிகளின் மெத்தனமும் காரணம் என்று சொல்வது வழக்கம். இரண்டும் உண்மை. அவற்றைவிடப் பெரிய காரணம், அந்த ஊர் மக்களும் அவர்களுடைய உள்ளாட்சியும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசி, பேசியதை எழுதி வைக்கும் வழக்கம் இல்லாமல் போனதுதான்.

இதற்காக மக்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சட்டமே இந்த ஊர்களை மறந்திருந்தது. 1992-ல் நிறைவேறி 1993-ல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது அரசமைப்புத் திருத்தங்களை எடுத்துக்கொள்வோம். கிராமத்துக்குக் கிராம சபை கிடைத்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். நகரத்துக்கு வார்டு குழு கிடைத்தது. ஆனால் மக்கள்தொகை மூன்று லட்சமோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது கட்டாயம். முப்பதாயிரத்தை எட்டினாலே நகராட்சியாகும் தகுதி வந்துவிடும் என்ற நிலையில், மூன்று லட்சம் என்ற வாசலைப் பேரூராட்சி எதுவும் எட்டிப்பார்க்கவே முடியாது. ஆக, ஆயிரத்து ஐந்நூறு பேர் வாழும் ஊராட்சியில் இன்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்; பக்கத்திலேயே பதினைந்தாயிரம் பேர் வாழும் பேரூராட்சியில், 2022 வரை, குடியிருப்பவர் உரிமையோடு போய்ப் பேச ஒரு கூட்டம்கூட இருந்ததில்லை. மன்றக் கூட்டம் நடக்கும். அதில் பேசுவது உறுப்பினர்களின் வேலை.

கிராமமா நகரமா என்ற இந்தக் குழப்பம் அரசுக்கே இருந்தது. 2004-ல் தமிழ்நாட்டின் 561 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றப்பட்டன. கிராமங்களுக்கு வரும் மத்திய நிதியைப் பெறுவது நோக்கம். 2006-ல் அவை மறுபடி பேரூராட்சிகளாயின. 2025 ஜனவரியில் பல ஊராட்சிகளை நகர அமைப்புகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது மக்கள் சாலைக்கு வந்து எதிர்த்ததற்கும் காரணம் உண்டு: நூறு நாள் வேலை போகும், வரி ஏறும். கிராம சபையும் போகும் என்பதை அவ்வளவு உரக்கச் சொன்னவர்கள் குறைவு. இதையெல்லாம்விடக் கொடுமை 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரையிலான காலம். நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். ஐந்தாண்டுக்கு மேல் வார்டு உறுப்பினர் என்றொருவர் இல்லாத ஊரில், மனு ஒன்றுதான் வழி என்று மக்கள் முடிவுகட்டியதில் வியப்பென்ன?

சரி, உட்கார்ந்து பேசினால் மட்டும் என்ன ஆகிவிடும்? ஒரு தெருவிளக்கிலிருந்து தொடங்கலாம். கம்பம் மின்வாரியத்துடையது, அதில் மாட்டிய விளக்கு பேரூராட்சியுடையது. பல்பு போனால் ஒரு அலுவலகம், கம்பி போனால் இன்னொரு அலுவலகம். கடைவீதி பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையின் சாலை. அதிலிருந்து பிரியும் தெருக்கள் பேரூராட்சியின் பொறுப்பு. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீரை ஊர் எல்லை வரை கொண்டுவந்து தருவது குடிநீர் வடிகால் வாரியம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வீட்டுக்கு விடுவது பேரூராட்சி. புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை, ஏரி என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை. இந்த எல்லைக்கோடுகளை வெளியூர் அதிகாரியால் மனப்பாடம் செய்ய முடியாது. ஊர்க்காரருக்குத் தெருத்தெருவாகத் தெரியும். ஆனால் ஒரு மனுவில் ஒரு துறையைத்தான் எழுத முடியும். அந்தத் துறை, இது எங்களுடையதில்லை என்று எழுதினால் கதை முடிந்தது. எல்லாத் துறை ஆட்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது அப்படிச் சொல்வது கொஞ்சம் கடினம்.

சாக்கடையைப் பாருங்கள், விஷயம் இன்னும் தெளிவாகும். வீட்டு வாசலில் தேங்குகிறது என்று ஒருவர் மனு போடுகிறார். பணியாளர்கள் வந்து அவர் வாசலில் மண்ணை அள்ளிக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள். மனு தீர்வு கண்டதாகக் கணக்கில் ஏறுகிறது. அடுத்த மழையில் அந்த மண் மறுபடி உள்ளே. அடைப்பின் காரணம் அந்த வாசலில் இருக்கவே இருக்காது. மேலே நாலு வீடு தள்ளி ஒருவர் கழிவறைக் குழாயை மழைநீர் வடிகாலில் திருப்பிவிட்டிருப்பார். கடைக்காரர் வண்டி நிறுத்த வடிகாலின்மேல் கான்கிரீட் மூடியிருப்பார். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் தெரு உயர்ந்து வீடு பள்ளத்தில் போயிருக்கும். பழைய பரப்பைச் சுரண்டிவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட வேண்டியிருந்ததற்கு இதுதான் காரணம். கீழே நெடுஞ்சாலையைக் கடக்கும் சிறுபாலம் தூர்ந்திருக்கும். கடைசியில் இந்தத் தண்ணீர் போய் விழுகிற ஏரியின் வாய் ஆக்கிரமிப்பில் இருக்கும். மேலத்தெருவும் கீழத்தெருவும் கடைவீதியும் ஒன்றாக நடந்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடுகிற சங்கதி இது. தனித்தனியாக நூறு மனு போட்டாலும் புரியாது. தவிர, மனுவில் யாரும் தன் குழாயைப் பற்றி எழுதமாட்டார். பத்துப் பேர் முன்னிலையில் பேச்சு வரும்போதுதான் அதுவும் வெளியே வரும்.

டெங்குவும் இப்படித்தான். கொசு மருந்து அடிக்கவில்லை என்று புகார் வரும். புகை போட்டுவிட்டுப் போவார்கள். தெருவுக்கே நிம்மதி வந்ததுபோல் இருக்கும். ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. வீட்டுக்குள் மூடாமல் வைத்த நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஒரு ஊரில் எட்டு நாளைக்கு ஒரு முறை குழாயைத் திறந்துவிட்டால் மக்கள் எட்டு நாளைக்குத் தண்ணீர் பிடித்து வைத்துத்தான் தீர வேண்டும். அப்போது குடிநீர் விடும் அட்டவணையும் காய்ச்சலும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள். தண்ணீர் விடுபவர், கொசு ஒழிப்புப் பணியாளர், வீட்டுப் பெண்கள் ஆகிய மூவரும் ஒரே இடத்தில் பேசினால்தான் இந்த முடிச்சு கண்ணில் படும். எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது.

தெருநாய் விவகாரத்தில் சட்டமே நேரடியாகத் தெருவிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. 2023-ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உணவு வைக்கும் இடத்தைக் குடியிருப்போர் சங்கமோ உள்ளாட்சியோ பார்த்து ஒதுக்க வேண்டும். டெல்லி வட்டார வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தன் முந்தைய உத்தரவைத் திருத்தியபோதும், ஒவ்வொரு வார்டிலும் உணவிடும் இடம் குறிக்கப்பட வேண்டும் என்றது. எந்த இடம் என்பதை நீதிபதி சொல்ல முடியாது, கலெக்டராலும் முடியாது. நாய்க்குச் சோறு வைப்பவரும் நாயைக் கண்டு பயப்படுபவரும் முகம் பார்த்துப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போது நடப்பது என்ன? ஒரு தெருவின் புகாரில் பிடிபட்ட நாய் இன்னொரு தெருவில் இறக்கிவிடப்படுகிறது. அங்கிருந்து அடுத்த மனு கிளம்புகிறது.

இதற்கெல்லாம் ஒரு மேடை இப்போது சட்டத்தில் இருக்கிறது. அது பல பேருக்குத் தெரியவில்லை என்பதுதான் சிக்கல். நகரங்களில் மக்கள் பங்கேற்புக்குச் சட்டம் இயற்ற வேண்டும் என்று 2005-ல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புத்தாக்கத் திட்டமே மாநிலங்களுக்கு நிபந்தனை போட்டிருந்தது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபாவுக்குமான விதிகள் 2022-ல்தான் வெளியாயின. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி நாளன்று முதல் பகுதி சபாக்கள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். வார்டு உறுப்பினர் தலைமையில் வார்டு குழு. வார்டைப் பிரித்துப் பகுதி சபாக்கள். குடிநீர், விளக்கு, வடிகால், குப்பை ஆகியவற்றில் குறைகளைக் கண்டு, எதை முதலில் செய்வது என்று சொல்வது அவற்றின் வேலை. பேரூராட்சிக்குத்தான் இது மிகவும் பொருந்தும். 2022 தேர்தலில் 490 பேரூராட்சிகளுக்கு 7,621 வார்டுகள். சராசரி ஊருக்குப் பதினைந்து, பதினாறு வார்டு. ஒரு வார்டில் சில நூறு வீடுகள்தான். சென்னையில் ஒரு கவுன்சிலருக்குத் தன் வாக்காளர்களின் முகம்கூடத் தெரியாது. பேரூராட்சி உறுப்பினர் அவர்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்.

இந்த இடத்தில் எழும் முதல் ஆட்சேபம் பலமானது. சபாவா, அது கவுன்சிலரின் கட்சிக்காரர்கள் வந்து சால்வை போர்த்திவிட்டுப் போகும் கூட்டம்தானே என்பார்கள். மறுப்பதற்கில்லை. பகுதி சபாப் பிரதிநிதிகள் மக்கள் வாக்களித்து வருபவர்களும் இல்லை, நியமனம்தான். இது விதியில் உள்ள ஓட்டை, அடைக்கப்பட வேண்டியது. கேரளம் இதில் ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கே 941 கிராமப் பஞ்சாயத்துகள். பல, நம் பேரூராட்சி அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ இருப்பவை. அங்கே கிராம சபை என்பது வார்டுக்கு ஒன்று. அதை அடுத்தடுத்து இரண்டு முறை கூட்டத் தவறும் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நகராட்சிகளிலும் வார்டு சபா உண்டு. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் மாநிலத் திட்ட நிதியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனதால், சபைக்குப் போனால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை வந்தது. அங்கும் கட்சி அரசியல் நம்மைவிடக் குறைவில்லை. ஆனாலும் கூட்டம் நடந்தே தீர வேண்டும் என்றாகிவிட்டால், எதிர்க்கட்சிக்காரரும் வந்து உட்காருவார். கட்சிக்காரர்கள் மட்டும் வரும் கூட்டத்துக்கு மருந்து, கட்சி சாராதவர்களும் போவதுதான். வீட்டில் இருந்தபடி அதைக் கேலி செய்வதால் அந்த நாற்காலிகள் அவர்களுக்கே எழுதிவைக்கப்படுகின்றன.

குடியிருப்போர் நலச் சங்கங்கள் இருக்கின்றனவே, அவை போதாதா என்று கேட்கலாம். நல்ல வேலை செய்யும் சங்கங்கள் உண்டு. ஆனால் சிறு ஊர்களில் சங்கம் பதிவு செய்வது பெரும்பாலும் ஊரின் விளிம்பில் புதிதாக எழுந்த நகர்கள்தான். பள்ளத்தில் இருக்கும் பழைய காலனிக்கும் வாடகைக் குடித்தனத்துக்கும் சங்கம் இருப்பது அரிது. நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும் என்றால், முதலில் சாலை கிடைப்பது எந்தத் தெருவுக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்படியானால் சபையில் மட்டும் சாதியும் வசதியும் பேசாதா? பேசும், காலனிக்காரர் எழுந்து பேசத் தயங்கும் ஊர்கள் இன்றும் உண்டு. கிராம சபைகளிலும் இந்தக் கறை இருக்கிறது. ஆனால் சபைக்கு இருக்கும் ஒரு வாய்ப்பு சங்கத்துக்கும் மனுவுக்கும் இல்லை: வார்டு பிரதிநிதித்துவத்தில் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடும், பெண்களுக்குப் பாதி இடமும் சட்டப்படி உண்டு. தண்ணீர்க் குடத்தின் கனம் தெரிந்தவர் தலைமை நாற்காலியில் உட்கார வாய்ப்பிருக்கும் ஒரே கூட்டம் இது.

பணம் எங்கே என்பது செயல் அலுவலர்களின் கேள்வி. மாநில அரசின் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதம் எல்லா உள்ளாட்சிகளுக்குமாகப் பகிரப்படுகிறது. சிறு பேரூராட்சிக்குக் கிடைக்கும் பங்கில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் போய்விடுகிறது. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் அறுபது சதவீதம் குடிநீருக்கும் தூய்மைக்கும் என்று முன்பே கட்டப்பட்டது. 2022 ஏப்ரலில் சென்னைக்கு வெளியே சொத்து வரி, வீட்டின் பரப்பைப் பொறுத்து, 25 முதல் 100 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. கூட்டிய வரியில் என் தெருவுக்கு என்ன வந்தது என்று கேட்கும் உரிமை அதோடு சேர்ந்து கூடவில்லை. பணம் குறைவாக இருப்பதே சபை வேண்டும் என்பதற்கான வாதம் என்று நான் நினைக்கிறேன். இருக்கிற சொற்பத்தில் எதை முதலில் செய்வது என்பதுதானே சண்டை? மேலும், மேலே சொன்ன சாக்கடையில் பாதித் தீர்வு காசில்லாத தீர்வு: குழாயைத் திருப்புவது, மூடியை எடுப்பது, அள்ளிய மண்ணை அன்றே வண்டியில் ஏற்றுவது. செய்ய முடியாததை எழுத்தில் முடியாது என்று சொல்வதும் ஒரு பதில்தான். காலவரையற்ற நடவடிக்கையைவிட அது மேல்.

செயலியில் படம் எடுத்து அனுப்பினால் உடனே சரிசெய்கிறார்களே என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. உடைந்த பல்புக்குச் செயலி போதும். எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால் என்பதற்குப் போதாது.

உள்ளாட்சி என்றதும் உத்திரமேரூர் கல்வெட்டைக் காட்டிப் பெருமைப்படுவது நம் வழக்கம். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அது நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள பிராமணர்களுக்கான சபை. ஊர் முழுவதற்குமான ஜனநாயகம் என்று அதைத் தூக்கிப்பிடிப்பதில் பாதி நம் ஆசை. எடுத்துக்கொள்ளத் தகுந்த செய்தி ஒன்று அதில் இருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய உறவினரும் வர முடியாது. ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் வைத்து நடத்திய அந்த ஊர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. பகுதி சபாவுக்கு உயிர் கொடுக்கப் பெரிய சீர்திருத்தம் எதுவும் வேண்டாம். இந்தக் கணக்கு ஒழுங்கு வந்தால் போதும். சென்ற கூட்டத்தில் முடிவானது என்ன, அதில் எது நடந்தது, எவ்வளவு செலவு, நடக்காததற்கு எந்தத் துறை காரணம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கூட்டத்தின் தொடக்கத்தில் வாசித்து, பேரூராட்சி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். வாசிக்கவில்லை என்றால் கேட்கலாம். ஒட்டவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி அந்தத் தீர்மான நகலை வாங்கலாம். தெருவின் சார்பில் அப்படி வாங்கிய ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விக்கு, தனியாள் மனுவுக்குச் சொல்லும் பதிலைச் சொல்ல முடியாது.

2022-ல் பொறுப்பேற்ற பேரூராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. காலம் முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது அரசமைப்பு. 2016-ல் நடந்ததுபோல் இந்த முறையும் தள்ளிப்போகாமல் பார்க்க வேண்டியது ஊர்க்காரர்களின் முதல் வேலை. அடுத்தது, ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டியது. சாலை போடுவீர்களா, விளக்குப் போடுவீர்களா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். நம் பகுதி சபா எந்தத் தேதியில், எந்த இடத்தில் கூடும், சென்ற கூட்டத்தின் கணக்கை நீங்களே நின்று வாசிப்பீர்களா என்று கேளுங்கள். பதவியில் இருப்பவர் மறுபடி நின்றால், இந்த ஐந்தாண்டில் எத்தனை முறை கூட்டினீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.